மூன்றாவது பதிவு

2025 பிப்ரவரி 27, வியாழன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. உறைபனி விழுந்தால் இந்தக் காந்தல் பகுதியில் முதலில் உறைவது எங்கள் தெருக் குழாய்தான். வெயில் ஏறிய பிறகு வந்தது. வானியல் ஆய்வு மையத்துக்கு அரை மணி நேரத் தாமதம்.

என் மாணவி ஜோவிதாவின் ஆய்வுக்கு அடுத்த வாரம் ரேடியோ தொலைநோக்கி கிடைத்திருக்கிறது. அதன் தட்டு ஆன்டெனாக்கள் எல்லாம் வேறு மாநிலத்தில். தரவு மட்டும் இந்த மலை ஏறி வரும். அவள் பார்க்கப் போகும் விண்மீன் மண்டலம் எனக்குப் பழக்கமில்லாதது. ஆனால் வானத்தின் அந்தப் பகுதி பழக்கமானது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜோவிதா இன்று அதிகாலை எடுத்த தன் படத்தைத் திரையில் விரித்தாள். அவளுடைய மண்டலம் நடுவில் பளிச்சென்று இருந்தது. “நல்லா வந்திருக்குல்ல மேடம்?” என்றாள். நான் கீழ் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்டில், அப்போது என்னிடம் வேலை பார்த்த தௌஹீத் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தது அந்த ஓரத்தில்தான்.

புள்ளி அங்கே இல்லை.

மார்ச் 5, புதன்

தூக்கமே வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். எழுந்து பல் தேய்க்கும்போதுதான் புள்ளி நினைவுக்கு வந்தது.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். அன்று வந்தது குறுகிய காமா வெடிப்பு, ஒரு நொடிக்கும் குறைவு. இரண்டு செத்த நட்சத்திரங்கள் மோதிக்கொள்ளும்போது வருவது. வெடிப்பைப் பிடிப்பது செயற்கைக்கோள்களின் வேலை. அதற்குப் பின் நாள்கணக்கில் மங்கிக்கொண்டே போகும் பின்னொளியைத் தேடுவது எங்கள் பிழைப்பு. இரண்டாம் நாளே தௌஹீத் புள்ளியைக் கண்டான். அவன் பெயரை முதலில் போட்டு உலகத்துக்கெல்லாம் அறிவிப்பு அனுப்பினோம். உள்ளூர்ப் பத்திரிகையில்கூட நாலு வரி வந்தது. அவன் அத்தா ஷௌகத் அலி அதைக் கத்தரித்துத் தன் பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் ஒட்டினார்.

ஆறாம் நாள் மறுபடி பார்த்தோம். புள்ளி அப்படியே இருந்தது, ஒரு துளி மங்கவில்லை. பின்னொளி என்றால் ஏன் மங்கவில்லை என்று வெளிநாட்டுக் குழு ஒன்று காரமாகக் கேட்டது. மங்காதது பின்னொளி அல்ல, அந்த இடத்தில் என்றைக்கும் இருக்கும் ஏதோ ஒரு மண்டலத்தின் ரேடியோ வெளிச்சம் என்று நான் முடிவு கட்டினேன்.

“சிலது கொஞ்ச நாள் அப்படியே நின்னுட்டுத்தானுங்க மேடம் மங்கும். மூணு மாசம் கழிச்சு மூணாவதா ஒருக்கா பாத்துட்டு முடிவு பண்ணலாமுங்க” என்றான் தௌஹீத்.

நான் அன்று மாலையே அறிவிப்பைத் திரும்பப் பெற்றேன். ‘தரவை ஆய்ந்தவரின் பிழை’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி தேவையே இல்லை. என் பெயர் கெடக்கூடாது என்பதற்காகச் சேர்த்தது. அடுத்த மாதம் அவன் வேலை நீட்டிக்கப்படவில்லை. இப்போது பேக்கரியில் அடுப்பருகே நிற்கிறான்.

என்றைக்கும் இருக்கும் வெளிச்சம் எப்படி மறையும்? அவன் சொன்னதுதான் சரி.

மார்ச் 7, வெள்ளி

படத்தின் ஓரத்தில் இரைச்சல் அதிகம் இருக்கும், அதனால் தெரியாமல் போயிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. இன்று முழுக்கக் கணக்குப் போட்டேன். மூன்று வழிகளில். புள்ளி இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும்.

கிளம்பும்போது ஜோவிதா தானாகவே சொன்னாள்: “தௌஹீத் அண்ணனோட அத்தாவுக்கு ரொம்ப முடியலையாம் மேடம். இருதயம் வீக்காம். படுத்த படுக்கையா இருக்காராம்.”

மார்ச் 12, புதன்

தொலைநோக்கியில் தனியாக நேரம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். அந்த இடத்தை நடுவில் வைத்து முறையாகப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். ஏற்கெனவே ஒருமுறை அவசரப்பட்டாயிற்று, இந்த முறை நிதானமாக.

நிதானமா, பயமா? ஜாக்கிரதைக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு இது ஒரு வசதி. எதைத் தள்ளிப்போட்டாலும் ஜாக்கிரதை என்று சொல்லிவிடலாம்.

மார்ச் 19, புதன்

பேக்கரித் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இது மூன்றாவது நாள்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். தௌஹீத்தின் அம்மா ரசியா அக்கா போன் செய்து, “பிரியாணி எடுத்து வெச்சிருக்கேன் சசிரேகா, ஊட்டுக்கு வந்துட்டுத்தான் போகோணும்” என்றார். இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். நிஜமாகவே.

தௌஹீத் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தான். ஷௌகத் அலி இரண்டு தலையணைகளில் சாய்ந்திருந்தார். புதுச் சட்டை தோளில் தொங்கியது, பாதி ஆளாகிவிட்டார். என் தட்டில் அவரே கறித்துண்டு ஒன்றை எடுத்து வைக்கப் பார்த்தார், பாதியில் ரசியா அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டார்.

“ஏனுங்க மேடம், ரொம்ப நாளா ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேனுங்க” என்றார். “எம்பையன் அவசரப்பட்டுப் பண்ணுன தப்புக்கு நீங்க நாலு பேருகிட்டப் பேச்சு வாங்குனீங்களாமா. அன்னைக்கே அந்தப் பேப்பரைக் கத்தி வெச்சுச் சொரண்டி எடுத்துப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றேன்.

ஒண்ணுமில்லையாம்! வாயில சோத்தை வெச்சுக்கிட்டு என்ன பேச்சுடி அது? ஒரே வரி. உங்க பையன் தப்புப் பண்ணலைங்க, நான்தான் பண்ணினேன்னு ஒரே வரி. எது தடுத்துச்சு? இன்னும் உறுதியாகலைன்னா? மூணு வழியில கணக்குப் போட்டவ நீதானே!

வரும்போது ரசியா அக்கா ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொடுத்தனுப்பினார். சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

தொலைநோக்கியில் நேரம் கிடைத்துவிட்டது, 20ஆம் தேதி. 20க்குப் பிறகு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று விடியற்காலை ஷௌகத் அலி இறந்துவிட்டார்.

மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போன பிறகு உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ரசியா அக்கா என் கையை விடவில்லை. “போன வாரம்கூட உன்னையத்தான் கேட்டாரு. மேடத்துக்கு நம்ம மேல கோவமில்லையேன்னு” என்றார்.

நான் அழுததைப் பார்த்து அங்கிருந்தவர்கள் என்னைத் தேற்றினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

புதிய படம் வந்தது. நடுவில் எதுவும் இல்லை. சுத்தமான வெற்றிடம். மார்ச் 4 அன்று தெரிந்ததற்கு மேல் இதில் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 23, புதன்

பேக்கரிக்குப் போனேன். மழை வருகிற மாதிரி இருந்ததால் கூட்டமில்லை. தௌஹீத் அடுப்பிலிருந்து வர்க்கித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

“தௌஹீத், அது பின்னொளிதான்” என்றேன்.

தட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினான். “மூணாவது எடுத்தீங்களா?”

“எடுத்தேன். அங்க ஒண்ணுமே இல்லை. இப்பத்தான் உறுதியாச்சு.”

உள்ளே அடுத்த தட்டு கருகும் வாசனை வந்தது, ஓடிப்போய் அதையும் இறக்கினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, “அத்தாகிட்ட நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னேனுங்க. அவருக்கு வேற எப்படிப் புரியவெக்கறதுன்னு தெரியல” என்றான்.

அறிவிப்பில் நான் சேர்த்த அந்த வரிக்காக மன்னிப்புக் கேட்டேன். கட்டுரை எழுதப் போவதாகவும் அவன் பெயர்தான் முதலில் வரும் என்றும் சொன்னேன்.

“எழுதுங்க மேடம். கூட ஒரு பதினஞ்சு நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அது உங்க கையில இல்லையே” என்றான்.

தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

மே 17, சனி

மலர்க் கண்காட்சிக் கூட்டம். சேரிங் கிராஸில் பேருந்து ஒரு மணி நேரம் நகரவில்லை. உட்கார்ந்தபடியே கட்டுரையைத் திருத்தினேன்.

எப்போது எப்போது பார்த்தோம் என்ற அட்டவணையில் மூன்று வரிகள்தான்: வெடிப்புக்குப் பின் இரண்டாம் நாள், ஆறாம் நாள், அப்புறம் 2025 ஏப்ரல் 20. மார்ச் 4 படத்தைச் சேர்க்கவில்லை. ஓரத்தில் கிடைத்த தரவு, தரம் குறைவு. கேட்டால் சொல்வதற்கு நியாயமான காரணம்தான்.

மே 26, திங்கள்

தௌஹீத்துக்குக் கட்டுரையையும் தரவுக் கோப்புகளையும் அனுப்பினேன். ஒருவர் பெயரைப் போட்டால் அவருக்கு எல்லாத் தரவையும் தர வேண்டும் என்பது முறை. கோப்புறையை அப்படியே அனுப்பிவிட்டேன். ஜோவிதாவின் மார்ச் 4 படமும் அதற்குள் கிடந்தது என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. மறதியா, வேண்டுமென்றே செய்தேனா? எவ்வளவு யோசித்தும் எனக்கே தெரியவில்லை.

ஜூன் 2, திங்கள்

பதில் இல்லை. ஐந்து நாளாகச் சாரல் விடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தௌஹீத் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். எப்போதும் ‘மேடம்’ என்றுதான் தொடங்குவான். இதில் அந்தச் சொல் இல்லை. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

‘அட்டவணையில் 2025 மார்ச் 4 விடுபட்டிருக்கிறது. அந்தத் தரவை முதலிலிருந்து நானே மறுபடி ஆய்ந்தேன். ஓரமாக இருந்தாலும் தரம் போதும். புள்ளி மறைந்துவிட்டது என்பதற்கு அது ஒன்றே போதும். மார்ச் 7 அன்று நீங்கள் போட்ட கணக்கும் கோப்புறையில் இருக்கிறது, அதுவும் சரி. மறைந்தது முதலில் தெரியவந்த நாள் மார்ச் 4 என்று திருத்தவும். மற்றபடி சம்மதம்.’

அத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அட்டவணையில் நான்காவதாக ஒரு வரி சேர்த்து, மார்ச் 4 என்று அடித்தேன். பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தேன். இல்லை. அனுப்பிவிட்டேன்.