தலைகீழ் மரை

நீங்கள் போனபின் தொடாமல் நின்ற சைக்கிளில் இன்று பழைய எண்ணெய் வாசனை எழுந்தது. சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுச் செல்வி, தேய்ந்த இடது பெடலைக் கழற்றப் பார்த்து அலுத்துப்போனாள். "இன்னா டீச்சர், கயட்டக் கயட்ட இறுகிக்கினே போவுது!" நினைவில் நான் உங்களிடம் வந்துவிட்டேன்.

கல்யாணமான புதிது. உத்திரமேரூர் வீட்டின் பின்கொட்டகை, ஞாயிறு மத்தியானம். சென்னையில் பழைய சாமானாக நீங்கள் வாங்கிவந்த, காலால் மிதித்து ஓட்டும், இரும்பு கடையும் சின்ன லேத்து. போல்ட்டில் நட்டு ஏறும் சுற்றுப்பள்ளமான மரையை வெட்ட, ஒவ்வொரு அளவுக்கும் பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். கணக்கு என் வேலை. "டீச்சரம்மா, இன்னைக்கு எத்தினி பல்லு?" என்பீர்கள். கூரை ஓட்டை வழியே விழுந்த வெயிலில் இரும்புச் சுருள்கள் நீலமாக மின்னும். லேத்து ஓடும் ஓசையில் கண் சொக்கும். தூங்கவும் மனம் வராது.

உங்கள் அண்ணனின் பம்புசெட்டுக்கு ஒரு போல்ட் தேவைப்பட்டது. நீங்கள் வெளியே போயிருந்தபோது நானே துணிந்தேன். இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று எட்டவில்லை. நடுவில் இன்னொன்றைச் செருகினேன். உளி எதிர்ப்பக்கம் நகர்ந்தது. எந்தப் பக்கம் போனால் என்ன, மரை மரைதானே என்று வெட்டி முடித்தேன். கணக்கு டீச்சரின் லட்சணம்!

நட்டு ஏறவே இல்லை.

"பொம்பள கை வச்சா இப்டித்தான். இனிமே மெஷினாண்ட அது வரக் கூடாது" என்று அண்ணன் கத்தினார். அந்த ஞாயிறுகள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கென்று வேறு எதுவும் இல்லை.

நீங்கள் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "நான்தாண்ணா வெட்டச் சொன்னேன். சைக்கிள் எடது பெடலுக்கு ட்ரையல். அதுக்கு மரை தலைகீயாத்தான் இருக்கணும்." பெடல் மரை அப்படித்தான்; வெட்டச் சொன்னது மட்டும் முகம் மாறாமல் சொன்ன பச்சைப் பொய்.

அதை மெய்யாக்க உங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த அதிகப்படிச் சக்கரத்தைத் தேவைக்கு உள்ளே தள்ளவும் விலக்கவும் ஒரு கைப்பிடி பொருத்தினீர்கள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்து, இந்த இடது பெடலின் அச்சை என்னையே வெட்டச் சொன்னீர்கள். அது சரியாக ஏறியது. அவர் தாமே ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுப் போனார். பஸ் வராத நாளெல்லாம் அதை மிதித்துத்தான் சாலவாக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

செல்வியிடம் ஸ்பேனரை வாங்கி எதிர்ப்பக்கம் திருப்பினேன். மெல்ல இளகிக் கையோடு வந்தது.

"யாரு டீச்சர் இத்த இப்டித் தலைகீயா வெட்னது?"

"நான்தான்" என்றேன். அன்று எனக்காக நீங்கள் சொன்ன சொல்.