மேனகா தோற்ற சண்டை

நாகலூர்,
டிசம்பர் 8

என் கண்ணு ஈவ்லினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பனி இறங்கியதால் எனக்கு முழங்கால் மட்டும் பிடித்துக்கொள்கிறது. மும்பையில் நீ முகத்தில் ஒரு கீறல் இல்லாமல் நலமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்கிறாய், அதனால்தான் கடிதம். உன்னோடு குத்துச்சண்டை பழகிய, பக்கத்து ஊர் கொட்டச்சேட்டு மேனகா, சென்னையில் மணிப்பூர் தோய்பியிடம் தோற்றுவிட்டுப் புருவத்தில் தையலோடு வந்திருக்கிறாள். மேனேஜர் பேச்சைக் கேட்டு நீ வேண்டாமென்று விட்ட சண்டைதான் அது. கடைசி ரவுண்டு வரை விழாமல் நின்றாளாம். பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கும் அவள் பேச்சுதான். தோற்றவளுக்கு இத்தனை பெருமையா என்று எனக்கு வயிறு எரிகிறது.

ஞாயிறு பூசையில் வழக்கம்போல நீ ஜெயித்ததற்கு நன்றி என்று, பாதர் வாசித்து வேண்டப் பூசைக் கருத்து எழுதிக் கொடுத்திருந்தேன். பாதர் வாசித்தார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து, மேனகாவின் காயம் ஆற வேண்டும் என்று யாரோ கொடுத்ததை வாசித்தார். நம் கோவிலுக்கே வராத குடும்பத்துப் பெண்ணுக்காக மொத்தச் சனமும் முழங்கால் போட்டது. நானும் போட்டேன், வலியோடு. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுச் செல்வி, ஏனுங்க டீச்சர், நம்ம ஈவ்லின் இத்தன பேர ஜெயிச்சிருக்குதே, அவீங்கெல்லாம் யாருங்க என்றாள். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒரு பெயர்கூட எனக்கு வாயில் வரவில்லை கண்ணு. தோய்பியின் பெயரை இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்கிறது. அப்பாவிடம் சொன்னால், புள்ள ஜெயிச்சதுக்கு மூஞ்சியத் தூக்கிட்டு வர்ற ஆத்தா நீ ஒருத்திதான் என்று சிரிக்கிறார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தால் நூறு வாங்கும். அந்த நூறு பொய்யில்லை, உன் உழைப்பும் பொய்யில்லை. ஆனால் எந்தக் கணக்கைப் போட்டாய் என்றுதான் பின்னால் கேட்பார்கள். மேனேஜர் லேசான ஆளாகப் பொறுக்கித் தருகிறார், சரி, கையெழுத்துப் போடுவது நீதானே.

பொங்கலுக்குப் பிறகு தோய்பியோடு மோத உன்னை மறுபடியும் கேட்டிருக்கிறார்கள் என்பதையே மேனகா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள எதிர்த்து நிக்கற கை ஈவ்லினுக்குத்தாங்க இருக்குது டீச்சர், எனக்கு எட்டலீங்க என்றாள். நல்ல பெண். அதுதான் இன்னும் எரிகிறது. பொறாமையில் உன்னைத் தூண்டிவிடுகிறேன் என்று நினைப்பாய், பாதி அப்படித்தான். மீதிப் பாதி அந்தத் தையலைப் பார்த்ததிலிருந்து நடுங்கிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் ஒத்துக்கொள் சாமி. இடது கையை இறக்காதே, இறக்கினால் தோய்பியின் வலது கை வந்துவிடும் என்று மேனகா சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஆண்டவர் உன் கண்ணையும் கையையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு வந்தால் சேலத்தில் இறங்கியதும் போன் செய், அப்பா வருவார். அந்தச் சண்டைக்கான பூசைக் கருத்தை இப்போதே எழுதிவைத்துவிட்டேன். ஜெயித்தாயா தோற்றாயா என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. தோய்பியின் பெயரை எழுதியாயிற்று.

உன் அம்மா,
ஜெயகுமாரி