துணிப் பூவுக்கு ஒரு பெட்டி

கடையிலிருந்து,
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். நீயும், அந்த வீட்டில் போன குளிர்காலத்தில் பிறந்து நீ பார்த்துக்கொள்ளும் இரட்டைக் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஒரு சோபாவுக்கு ஸ்பிரிங் மாற்றிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் பார்சல் வந்து ஒரு மாதமாகிறது. உடனே பதில் போடாததற்கு நீ என்ன திட்டுவாய் என்று எனக்கே தெரியும், மனதுக்குள் திட்டிக்கொண்டேன். அங்கே வசந்தம் வந்து தெருவெல்லாம் பூ, அம்மாவும் பார்க்கட்டும் என்று துணிப் பூ அனுப்பியிருந்தாய். மஞ்சள், வெள்ளை, கத்திரிப்பூ நிறம் எல்லாம் அழகுதான். ஆனால் கம்பிக் காம்பு வைத்த பூ தானாக நிற்குமா? அத்தை அதைப் பிளாஸ்டிக் குவளையில் செருகி ஜன்னலில் வைத்தார். காற்றடித்தால் குவளையோடு கவிழ்ந்துவிடும், அவர் தரையில் தடவித் தடவிப் பொறுக்குவார். ஒரு கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, அதில் பார்வை இன்னும் தெளியவில்லை, இன்னொன்றில் திரை அப்படியே இருக்கிறது. மூன்று வேளையும் சொட்டு மருந்து விட வேண்டும். மத்தியான வேளைக்காகக் கடையைப் பூட்டிவிட்டு நான்தான் ஓடுகிறேன். மூன்று மாடி ஏறி இறங்கி என் முழங்கால் இப்போது தனியாகப் பேசத் தொடங்கிவிட்டது.

உன் அம்மா என்னோடு நேராகப் பேசமாட்டார் என்பது உனக்குத் தெரிந்ததுதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அப்படி ஒரு மரியாதை. நீ இருந்தவரை உன்னிடம் சொல்வார், நீ என்னிடம் சொல்வாய். இப்போது சுவரிடம் சொல்கிறார். மாப்பிள்ளைக்குப் பசிக்குமே என்று சுவரைக் கேட்டால் நான் போய்ச் சாப்பிட உட்கார வேண்டும். பூவுக்கு ஒரு பெட்டி இருந்தால் தேவலை என்றும் சுவரிடம்தான் சொன்னார்.

அலங்காரச் சாமான் கடையில் ஒரு பெட்டியைப் பார்த்தேன். விலையைக் கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பழக்கடைக்காரர் தூக்கிப்போட இருந்த ஆப்பிள் பெட்டியை வாங்கிவந்து, ஆணி பிடுங்கி, ஜன்னல் அகலத்துக்கு அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சுற்றிலும் மிச்சமிருந்த பச்சைச் சோபாத் துணி. ஓரத்தில் நம் கடைப் பித்தளைக் குமிழ் ஆணி வரிசையாக. முடித்துவிட்டுப் பார்த்தால் அது பூப்பெட்டி மாதிரியே இல்லை, கைப்பிடி இல்லாத குட்டிச் சோபா. சிரிக்காதே. எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

அதற்குப் பிறகுதான் என் புத்திசாலித்தனம். காம்பு செருக உள்ளே தெர்மோகோல் வைத்து, சோபா ஒட்டும் பசையைத் தாராளமாகத் தடவி அழுத்தினேன். இருபது வருஷமாக அந்தப் பசையால் ஸ்பான்ஜ் ஒட்டுகிறவன், அது எதையும் பிடித்துக்கொள்ளும் என்ற நினைப்பு. அது தெர்மோகோலைத் தின்றுவிடும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டு ஜன்னலில் வைத்துப் பூவையெல்லாம் செருகிவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து உள்ளே இறங்கிவிட்டன. நான் அசடு வழிய நின்றேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் உன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். தெர்மோகோலைச் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்பான்ஜ் வெட்டி வைத்தேன். பூக்கள் நிமிர்ந்து நின்றன.

நான்கு நாள் கழித்து, கீழே இஸ்திரிக் கடைக்காரர் மேலே வந்து சத்தம் போட்டார். நம் ஜன்னலிலிருந்து தண்ணீர் சொட்டி, தேய்த்து வைத்த சட்டைகள் நனைந்துவிட்டனவாம். பெட்டியைத் தொட்டேன், ஸ்பான்ஜ் ஊறிப்போயிருந்தது. மறுநாள் காலையில் ஒளிந்து பார்த்தேன். அத்தை ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, ஒவ்வொரு பூவாகத் தடவி, அடியில் ஊற்றுகிறார்.

கண் தெரியாமல் நிஜப் பூ என்று நினைத்துவிட்டார் என்றுதான் எண்ணினேன். எப்படிப் போய்ச் சொல்வது? பெட்டிக்குள் ரெக்சின் போட்டுத் தண்ணீர் இறங்காமல் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஸ்பான்ஜை எடுத்துப் பிழிந்து காயவைப்பேன். சொட்டு மருந்து, கடை, மாடிப்படி, இப்போது இதுவும் ஒரு வேலை.

இதோடு இன்னொரு பொய்யும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். குழந்தைகள் நடக்கும் வரை இரு என்று அந்த வீட்டம்மா கெஞ்சுகிறார், இன்னும் ஒரு வருஷம் இருக்கப்போகிறேன் என்று பார்சலோடு வந்த கடிதத்தில் எழுதியிருந்தாய் இல்லையா? அந்த இடம் வந்ததும் அடுத்த மாதம் வருகிறாளாம் என்று படித்துவிட்டேன். அவரும் தலையாட்டினார். அதன் பிறகு தினமும் சுவரிடம் கேட்பார், அடுத்த மாதம்தானே என்று. நானும் ஆமாம் என்பேன்.

போன ஞாயிறு கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். குளிக்கப் போனவர் துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். என் கையில் பாதி பிழிந்த ஸ்பான்ஜ், தரையெல்லாம் தண்ணீர். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நேராகப் பேசினார்.

“துணிப் பூன்னு எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? தொட்ட அன்னைக்கே தெரியும். தண்ணி ஊத்தணும்னு ஒரு வேலை இருந்தா காலையில எழுந்திரிக்கத் தோணுது, அதான். அவ அடுத்த மாசம் வர்றான்னு நீங்க படிச்சீங்களே, அதுக்கும் இப்படித்தான் தலையாட்டிட்டு இருக்கேன்.”

அவரே ஸ்பான்ஜை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத் தண்ணீரைப் பிழிந்து, பெட்டியில் வைத்துப் பூவைச் செருகினார். பிறகு, இனிமேல் அவள் எழுதுவதை எழுதியபடியே படிக்க வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்து கொடுத்துவிட்டேன்.

இந்த இரண்டு வருஷத்தில் வா என்று நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. பெரிய மனிதன் மாதிரி, உன் இஷ்டம் என்றுதான் எழுதினேன். அதுவும் நான் சொன்ன பொய்தான். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது. அந்தக் குழந்தைகள் யார் கையைப் பிடித்தாவது நடந்துவிடும். அத்தைக்கு அடுத்த கண் ஆபரேஷன் மழைக்காலத்துக்கு முன்னால் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கட்டுப் பிரிக்கும்போது எதிரே என் மூஞ்சி மட்டும் இருந்தால் பாவம் இல்லையா?

வேளாவேளைக்குச் சாப்பிடு. வசந்தம் என்றாலும் குளிரும், காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இரு. பூ இனி வேண்டாம். பெட்டியில் இடமில்லை.

உன் அடுத்த கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் அவருக்குப் படிக்கப்போகிறேன். பார்த்து எழுது.

இப்படிக்கு,
உன் சோபாக்காரன்