நீலப்பழமும் இவர்ட உப்பும்

ஜூலை 19, சனி

விடியவே கச்சான் காத்து. காயப்போட்ட உடுப்பெல்லாம் மண். மகன் றிஸ்வான் கொழும்பிலிருந்து வந்தான், ஐஸ் பெட்டியோட. மீன் ஊருக்கு ஐஸ் பெட்டியில பழம்! புளூபெரி.

போனைப் பார்த்து வாசிச்சான். "தினம் ஒரு கை சாப்பிட்டா ரத்தக் குழாய்க்கு நல்லமாம் உம்மா. ஆராய்ச்சி செஞ்சு பார்த்திருக்காங்க. அந்த நிறத்துலதான் விஷயமாம்."

"அப்ப வாப்பாட பிரஷர் குளிசை?"

"அதை விட்டுடாதீங்க. அதோட சேர்த்துத்தான்."

வியாழன் கிளினிக். பிரஷர் இறங்காட்டி இவர் மக்காவுக்கு உம்றா போக ஏலாது எண்டு டொக்டர் போன தரமே சொல்லிட்டார். பாஸ்போட் ரெண்டும் அலுமாரியில. யா அல்லாஹ்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில இவருக்கு ஒரு கை பழம் குடுத்தேன். முகத்தைச் சுளிச்சார். "சப்பெண்டு கிடக்கு. எங்கட நாவப்பழம் இதை விட நல்லம்."

அதுவும் அதே நிறம்தானே எண்டு றிஸ்வானைக் கேட்டேன். இருக்கலாமாம். அவன் வாசிச்சது புளூபெரியைப் பத்தி மட்டும்தானாம்.

வாங்க: வெங்காயம், பாண், சவர்க்காரம்.

ஜூலை 22, செவ்வாய்

பழத்தைத் தானாவே கேட்டு வாங்குறார். சந்தோசப்பட்டேன், மடச்சி. பின்பக்கம் போய்ப் பார்த்தா, டின்னுக்குள்ள பழம், உப்பு, மிளகாய்த்தூள். மூடிக் குலுக்குறார், நாவப்பழத்துக்குச் செய்ற மாதிரியே.

"என்ன வேலை இது!"

"பழம் இதயத்துக்கு. உப்பு எனக்கு."

காலம் முழுக்க உப்பளத்துல நிண்ட மனிசன். உப்பில்லாம பழம் தொண்டையில இறங்காதாம்.

ஏசினேன். சிரிப்பும் வந்துட்டு. ஒண்டை வாயில போட்டேன். ருசியெண்டா ருசி. பிறகு அழுகை. "நீங்க இல்லாம நான் மக்காவுக்குத் தனியப் போய் என்ன செய்ய?" கத்திப்போட்டேன். டின்னைக் கீழ வச்சுட்டார்.

ஜூலை 24, வியாழன்

கிளினிக்கில சனம். வெயில். நான் வாயைத் திறக்க முன்ன டின் கதையை இவரே டொக்டருக்குச் சொல்லிட்டார். டொக்டர் சிரிச்சார், நர்ஸும். பிரஷர் இன்னும் கூடுதலாத்தான். பழம் நல்லம், ஆனா இவ்வளவு உப்போட திண்டா என்ன பிரயோசனம் எண்டார். உப்பைக் குறைச்சிட்டு அடுத்த மாசம் வரட்டாம், பயணத்தைப் பத்தி அப்ப சொல்றாராம். ஏலாது எண்டு சொல்லல்ல. அல்ஹம்துலில்லாஹ்.

பகலைச் சோத்துக்குப் பாரை மீன் ஆணம். இவருக்கெண்டு உப்புக் குறைச்சு வேற சட்டி வைக்கல்ல இண்டைக்கு, ஒரே சட்டிதான்.

ஒரு வாய் வச்சார். "உப்புப் போட மறந்துட்டியா புள்ள?"

"மறக்கல்ல. இனி ரெண்டு பேருக்கும் இதுதான்."

ஆணம் வாயில வைக்க ஏலாது. சோத்துக் கோப்பையை நீட்டி இன்னொருக்காப் போடச் சொன்னார்.