மாசெலேயின் பன்னிரண்டு செல்கள்

ஜூன் 2, திங்கள்

இன்று என் கையை நானே மெச்சிக்கொள்ளலாம். மாசெலேயின் தொடையிடுக்கிலிருந்து காலையில் எடுத்த நிணநீர்க் கணு, மொச்சைக்கொட்டை அளவுதான். பத்து நாள் முன்னால் தடுப்பூசி போட்டவர், உள்ளே வேலை மும்முரமாக இருக்கும். நுண்ணோக்கியின் கீழ் உயிரோடு படமெடுக்க நான்கு துண்டு சீவினேன், ஒன்றுகூட நசுங்கவில்லை. டர்பனில் இப்படிச் சீவ வேறு யார் இருக்கிறார்கள்? மற்றவர்கள் துண்டு அசையாமல் இருக்க மேலே வலை போட்டு அமுக்குவார்கள். எனக்கு வலை வேண்டாம்.

மாசெலே டாக்ஸி ஸ்டாண்டில் மாவு உருண்டை பொரித்து விற்பவர். கட்டுப் போட்டுக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இந்தா ஸாமா, எத்தனையோ பேரு ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. என்ன பாத்தோம்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லல. என் உடம்புல இருந்தது என்ன பண்ணுதுன்னு எனக்குக் காட்டணும்."

காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜூன் 3

நடக்கின்றன! பச்சைச் சாயம் ஏற்றிய உதவி செல்கள் பன்னிரண்டு, பி செல் கூட்டத்துக்குள் நுழைகின்றன! கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செய்வது பி செல்கள். உதவி செல் உள்ளே போய்த் தொட்டுத் தூண்டினால்தான் நல்லதாகச் செய்யும். இதுவரை எலியில் நிறையப் பார்த்தார்கள். இது எங்கள் ஊர்ப் பெண்ணின் கணு.

எங்கள் தலைவி டாக்டர் மசோண்டோ நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு உடனே கடிதம். கணு கொடுத்தவர்களின் கூட்டம் 13ஆம் தேதி, அங்கே படம் போடப்போகிறோம்.

பக்கத்து மேஜை சிபோனெலோ: "இனிமே உன்கூடப் பேச டோக்கன் வாங்கணுமா, அக்கா?"

ஆமாம், வாங்கணும்.

ஜூன் 5

நாற்பதாவது தடவையாகப் படத்தைப் போட்டேன், சும்மா ரசிக்க. மூலையில் ஒரு சிவப்பு செல். சிவப்பு என்றால் செத்தது.

அதுவும் நடக்கிறது.

செத்தது எப்படி நடக்கும்? அதே திசை, அதே வேகம் — பக்கத்து நாரும்கூட. ஐயோ. துண்டே நகர்ந்திருக்கு. துண்டை உயிரோடு வைக்க மேலே ஓடுற சத்துநீர் தள்ளியிருக்கு. நான் பி செல் கூட்டத்தின் எல்லையை முதல் படத்தில் கோடு போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தேன். கோடு நின்றது, துண்டு நகர்ந்தது, எல்லாம் "உள்ளே நுழைந்தது". வலை வேண்டாத மகாராணி!

ஜூன் 6

வேறு யாரும் கவனிக்கவில்லை. சிவப்பு நிறத்தை அணைத்துவிட்டால் தீர்ந்தது. சொல்லத்தான் வேண்டுமா?

மாசெலேக்கு இதையா காட்டுவது?

ஜூன் 9

சொல்லிவிட்டேன்.

"கடிதாசி போனப்புறமா வந்து சொல்ற!" என்று கத்தினார் டாக்டர். பிறகு, "வலை ஏன் போடல?"

"திமிரு, டாக்டர்."

"சரி. செத்தது எவ்வளவு நகந்துச்சோ, அத எல்லாத்துலயும் கழி. மிச்சம் என்னன்னு பாப்போம்."

ஜூன் 11

மிச்சம் ஒன்று.

பதினொன்று எல்லைக்கு வெளியே அங்கேயே சுற்றுகின்றன. ஒன்று மட்டும் முப்பத்தெட்டு நிமிடம் வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் திரும்பி வந்து, மறுபடி கிளம்பி, உள்ளே போய் ஒரு பி செல்லைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. பன்னிரண்டைப் பார்த்துக் குதித்தேன், இந்த ஒன்றைப் பார்த்து அழுதேன். இது நிஜம். சீவியது நான்.

ஜூன் 13, வெள்ளி

கூட்டத்தில் வலை போடாத கதையையும் மறைக்காமல் சொன்னேன். மாசெலே முதல் வரிசையில், புதுத் தொப்பியோடு.

"அப்ப பன்னெண்டு பேரும் போகலியா?"

"இல்ல மா. ஒண்ணுதான். முன்னாடி நான் தப்பாப் பாத்துட்டேன்."

"எங்க வீட்லயும் இதே கதைதான். சாப்பிடப் பன்னெண்டு பேரு வருவாங்க, பாத்திரம் கழுவ ஒருத்திதான்."

கூடமே சிரித்தது. படம் ஓடியது. அந்தச் செல் திரும்பி வந்தபோது யாரோ "அடடா" என்றார்கள். மறுபடி கிளம்பி அது எல்லையைத் தாண்டியதும் மாசெலே எழுந்து நின்றார். கல்யாணத்தில் மணமகளை அழைப்பதுபோல் தன் குலப்பெயர்களைச் சொல்லி அதைக் கூப்பிட்டார்: "போ, ந்தோசி! போ, மகாயே!"

பெண்கள் குலவையிட்டார்கள். டாக்டர் மசோண்டோவின் குலவைதான் எல்லாவற்றிலும் சத்தம்.

ஜூன் 17

வெளிநாட்டுக்குத் திருத்தக் கடிதம் போனது. பன்னிரண்டை அடித்து ஒன்று என்று எழுதியது நான்தான்.

ஜூன் 30

யாரும் கூப்பிடாமலே மாசெலே வந்தார், சுடச்சுட ஒரு பை மாவு உருண்டையோடு. மேஜைமேல் வைத்துவிட்டு மறுபக்கத் தொடையிடுக்கைத் தட்டிக் காட்டினார்.

"இந்தப் பக்கம் அப்படியே இருக்கு. வேணும்னா எடுத்துக்கோ. இந்தத் தடவ வலையப் போட்டுப் பாரு."