பழைய இரும்போடு வந்த செடி

ஜனவரி 20
மதியம் எங்கள் இரும்பு உருக்காலை லேபில் சோதிக்க சாம்பிள் இல்லை. பழைய இரும்பு கொட்டும் யார்டுப் பக்கம் நடந்தேன். கன்டெய்னரைக் கவிழ்க்கிற இடத்தில் ஒரு செடி. மண்ணே இல்லை — துரு, ஜல்லி, ஆயில். அதில் முழங்கால் உயரம். ஊதாப் பூ, அதன் அடியில் வைக்கோல் நிற முட்கள், நட்சத்திரம் போல. இலையில் முள் இல்லை. கோபமெல்லாம் பூவைச் சுற்றித்தான்.

எங்கிருந்து வந்தாய்?

ஜனவரி 21
ஒரு பூ என்று நினைத்தது ஒரு பூ இல்லை. ஒவ்வொரு ஊதா நூலும் தனிப் பூ. ஊக்கு நுனியால் ஒன்றைத் தொட்டேன். உள்ளிருந்த மெல்லிய குழல் சுருங்கி மகரந்தத்தைப் பிதுக்கியது. மறுபடி தொட்டேன்.

யார்டு பெருக்கும் சின்னப்பொண்ணு அக்கா நாளைக்குப் புல் செதுக்குவார். தண்டில் சிவப்புத் துணி கட்டிவிட்டேன் — தொடக் கூடாத இரும்புக்கு நாங்கள் கட்டுவது.

ஜனவரி 23
செடிக்கு மஞ்சள், குங்குமம். முன்னால் கற்பூரம். துணியைப் பார்த்து யாரோ வேண்டிக்கொண்டு கட்டியது என்று நினைத்துவிட்டார் அக்கா. "இரும்புல மொளைச்ச ஆத்தா" என்கிறார். சிரிப்பு வந்தது. நானும் தினமும் அங்கேதானே போய் நிற்கிறேன்?

ஜனவரி 26
லீவு. நெட்டில் தேடிக் கண்டுபிடித்தேன். சூரியகாந்திக்குத் தூரத்துச் சொந்தம். மத்தியதரைக் கடலோரத்துக் காட்டுச்செடி. கல்லும் வறட்சியும் கிளறிப்போட்ட நிலமும்தான் அதன் வீடு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்கிய ஏதோ இரும்பின் இடுக்கில் ஒரு விதை. இத்தனை கடல் தாண்டி.

அதற்குக் கீழே இன்னொரு வரி: போன நாடுகளில் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியிருக்கிறது.

நம்ம சுவருக்கு அந்தாண்ட மேய்ச்சல்தானே. பூ வேறு வாட ஆரம்பித்துவிட்டது. விதை விழும் முன் பிடுங்கணும். துணி கட்டினது நான்.

ஜனவரி 27
அக்காவிடம் சொன்னேன். "நீ சர்ச்சுக்குப் போறவ பாப்பா, உனக்கு எல்லாம் செடிதான்" என்று குத்தினார். விதை, பரவுவது — எதுவும் எடுபடவில்லை, பெருக்கிக்கினே இருந்தார். இந்த முள் வாயைக் கிழிக்கும், மேயப் புல் மிஞ்சாது என்றதும் விளக்குமாறு நின்றது. அவருக்கு ஆடுகள் உண்டு.

"ஆடு துன்னாதா?"

"துன்னாதுக்கா."

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "அப்போ மரியாதையா அனுப்பிச்சுடலாம். புள்ளையார கரைக்கறதில்லையா?"

தண்ணீரில் வேண்டாம், விதை முளைத்துவிடும், நெருப்பில் அனுப்பலாம் என்றேன்.

ஜனவரி 28
அக்கா கற்பூரம் ஏற்றினார். நான் தோண்டினேன். ஆணிவேர், இரும்புத் துண்டுகளை விலக்கி விலக்கி, என் முழங்கை நீளம் இறங்கியிருந்தது. ஈரத்தை எப்படித்தான் கண்டுபிடித்ததோ. அப்படியே கோணியில் சுற்றிக் கொடுத்தோம்; ஃபர்னேஸ் ஆட்கள் உருக்கும் உலையில் போட்டார்கள். எரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்.

பிப்ரவரி 6
வெறும் குழிதான். இரும்பு ஏற்றி வந்த ஜெயராஜ் அண்ணன் லாரியை அதன்மேல் ஏற்றாமல் ஒதுக்கித் திருப்பினார். நானும் சுற்றித்தான் போனேன்.