தொப்புள்தாய்

அர்பா மேய்ச்சல் மேடு
5 ஜூன் 2009

அன்பு அம்மாவுக்கு,

மேரிம் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே போனில் சிக்னல் ஒரு கோடுகூட வருவதில்லை. குதிரைப்பால் ஏற்றிப் போகும் ஜோல்தோஷ் அண்ணன் நாளை மலை இறங்குகிறார் என்பதால் இந்த அவசரக் கடிதம்.

நான் நலம். வயிற்றுக்குள் இருப்பது ராத்திரி பகல் பார்க்காமல் உதைக்கிறது. "குதிரை ஓட்டப் பொறந்த பய" என்று உங்கள் மருமகன் கெரிம் இப்போதே பெருமையடிக்கிறார். அப்பா போன வாரம் வந்திருந்தார். "ஒங்கம்மா பரீட்சைக்குப் படிக்கப் போனா, நான் பட்டினி கெடக்கப் படிச்சுக்கிட்டேன்" என்கிறார். ஆள் இளைக்கவில்லை, கவலைப்படாதீர்கள்.

ஜூலை கடைசியில் பிரசவம். அத்-பாஷி ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடுவோம். அம்மா, தொப்புள்கொடியை நீங்கள்தான் அறுக்க வேண்டும். கொடி அறுப்பவளின் குணம்தானே பிள்ளைக்கு வரும்? மாமியாரிடமும் கேட்டுவிட்டேன். "சம்பந்தியம்மா அஞ்சு வேளையும் தொழறவங்க. அவங்க தொப்புள்தாயா வந்தா நம்ம புள்ளைக்கு என்ன கொறச்சல்?" என்று உடனே சம்மதித்தார்.

விடுதியில் தொழ இடம் இருக்கிறதா? சின்னப் பெண்கள் சத்தம் போடுகிறார்களா?

உங்கள்
மேரிம்


பிஷ்கெக்
12 ஜூன்

என் ஒட்டகக் குட்டி மேரிமுக்கு,

உன் கடிதத்தைத் துணி துவைக்கும் இடத்தில் நின்று படித்தேன். படித்துவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். பதினெட்டு வயதுப் பெண்கள் ஓடி வந்து, "அக்கா, பரீட்சையில போச்சா?" என்று கேட்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் மருத்துவச்சிப் படிப்புக்கு வந்தவள் அழுதால் வேறென்ன நினைப்பார்கள்? இடுப்பெலும்புகளின் பெயர்களைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒப்பிக்கிறேன். மூளை துருப்பிடித்த பூட்டுதான், எண்ணெய் விட்டால் திறக்கிறது.

ஆனால் உன் மாமியார் சொன்ன காரணத்தைப் படித்த பிறகு ஒன்றை மறைக்க முடியவில்லை. கண்ணே, நான் இப்போது தொழுவதில்லை. குளிர்காலத்திலிருந்தே.

உனக்குத் தெரியும், என் சின்ன வயதில், சோவியத் காலத்தில், கடவுள் இல்லை என்று எழுதினால்தான் பள்ளியில் மதிப்பெண். உன் தம்பி எல்தியார் எட்டாம் நாள் போன பிறகுதான் நான் தொழக் கற்றேன். 'அல்லா எழுதியது அவ்வளவுதான்' என்ற சொல்தான் என்னை எழுந்து நிற்க வைத்தது. போன ஜனவரியில் வகுப்பில் ஆசிரியை மஞ்சள் காமாலை முற்றிய குழந்தைகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். நீல விளக்கின் கீழ் கிடத்தினால் பெரும்பாலும் பிழைத்துவிடுமாம். என் பிள்ளை கண்ணெல்லாம் மஞ்சளாகத்தான் போனான். அன்று மாலை தொழுகை விரிப்பை விரித்தேன், நின்றேன், ஒரு சொல் வரவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

கடவுள் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரசவ அறையில் குழந்தை முதல் மூச்சு இழுக்கும்போது யாருக்கோ நன்றி சொல்லத் தோன்றுகிறது. யாருக்கென்று தெரியவில்லை.

வெறும் வயிற்றில் பால் கறக்கப் போகாதே.

அம்மா


அர்பா
20 ஜூன்

அம்மாவுக்கு,

ஸலாம்.

ஆறு வயதில் என் விரல்களைப் பிடித்து நெஞ்சின்மேல் கட்டிக் காட்டியது யார்? முக்காட்டுக்கு ஊசி குத்திவிட்டது யார்? நானாகவா கற்றுக்கொண்டேன்? கடையில் வாங்கிய செருப்பைப் போல நீங்கள் கழற்றிப் போட்டுவிட்டீர்கள். நான் போட்டுக்கொண்டு நிற்கிறேன். தம்பி சொர்க்கத்தில் இருக்கிறான் என்று சொல்லித்தானே என்னைத் தூங்க வைத்தீர்கள்?

மாமியார் என் முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறதென்று கண்டுபிடித்துவிட்டார். சொல்லவேண்டியதாயிற்று. "தொழாதவ கையில கொடியக் குடுத்தா புள்ள நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பும்? முல்லா பொண்டாட்டி சனாபரக் கேப்போம்" என்கிறார்.

அம்மா, எனக்கு நீங்கள்தான் வேண்டும். 'மறுபடியும் தொழத் தொடங்கிவிட்டேன்' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு வரி. அதைக் காட்டி அவரை நான் சமாளித்துக்கொள்கிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

மேரிம்


பிஷ்கெக்
27 ஜூன்

என் ஒட்டகக் குட்டிக்கு,

உன் கடிதம் வந்தபோது அப்பாவின் தங்கை அல்தினும் இங்கே இருந்தாள். படித்துக் காட்டினேன். "அடியே, ரெண்டு வாரம் குனிஞ்சு நிமிந்தா ஒன் முதுகென்ன ஒடிஞ்சா போயிடும்? ஒரு வரிதான, எழுதித் தொலையேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். காகிதத்தையும் எடுத்தேன். உன் பெயரை எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

கொடி அறுக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. ஆனால் உன் பிள்ளை உலகத்துக்கு வரும் நேரத்தில் அதன் தலைமாட்டில் பொய்யோடு நிற்க என்னால் முடியாது. கடவுள் இருக்கிறார் என்றால் அவருக்கும் அது அவமரியாதை.

நான் உனக்குத் தொழக் கற்றுக்கொடுத்தது மனதார. அன்று அது எனக்கு உண்மை. நீ தொழும்போது உன் முகத்தில் வரும் அமைதியை இன்றும் ஆசையாகப் பார்ப்பேன். அதை விட்டுவிடு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நீ சொல்வதுபோலவே இருக்கட்டும் என்று ஏங்குகிறேன். பிள்ளை பெற்றவளுக்கு எல்லாம் தெரியும் என்று இருபத்தைந்து வயதில் நினைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சனாபர் நல்ல மனுஷி. அவரையே கேளுங்கள், எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. ஜூலை பதினெட்டாம் தேதி பரீட்சை முடிகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன். நீ கத்தினால் எனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா


அர்பா
6 ஜூலை

அன்பு அம்மாவுக்கு,

மேரிம் ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, சொல்லிவிடுகிறேன். தினமும் தொழுகை முடிந்ததும் உங்களுக்காக அழுகிறேன். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மாமியாருக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். "பொய்ய எழுதியிருந்தா எனக்கென்ன தெரியவா போவுது? ஏன் எழுதல இந்தம்மா?" என்று எரிச்சலோடு கேட்டார். அப்புறமும் சனாபர்தான் என்றார். நான் முடியாது என்றேன். நேற்றிலிருந்து ரொட்டியை என் முன்னால் டமாரென்று வைக்கிறார். சாப்பிடுகிறேனா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்க்கிறார். கெரிம் இந்தச் சண்டைக்குப் பயந்து குதிரைகளோடே படுத்துக்கொள்கிறார்.

பிள்ளைக்குத் தொழ நானே கற்றுக்கொடுத்துவிடுவேன், அது எனக்குத் தெரியும். பெற்ற மகளே கெஞ்சினாலும் பொய் சொல்லாமல் இருக்க எப்படிக் கற்றுக்கொடுப்பது? அது என்னிடம் இல்லை அம்மா. உங்களைப் பொய் எழுதச் சொன்னவளே நான்தானே. அந்தக் குணம் கொடி வழியாகத்தான் வரவேண்டும்.

வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே வாருங்கள்.

உங்கள்
மேரிம்